குண்டாஸ் போட்டால் ஏரியா அடங்குமா?

மலைக்கோட்டை:
கட்டுரை ஒன்று எழுதுகிறேன். காவல்துறை, நீதிமன்றம், சிறை மூன்றும் சேர்ந்து சமூகத்தை எவ்வளவு கட்டுக்குள் வைக்கின்றன என்பதற்கு, வழக்கு விசாரணை முடியாமலே ஆளைத் தடுப்புக் காவலில் வைக்கும் குண்டர் சட்டத்தை (குண்டாஸ்) எடுத்துக்காட்டாகக் காட்டலாமா? ஆளை ஓராண்டு உள்ளே வைக்கும் ஆணை ஏன் உயர் நீதிமன்றத்தில் இத்தனை முறை உடைகிறது?

பொருநை:
தாராளமாகக் காட்டலாம். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டம் இது. மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் கமிஷனர் ஆணை போடுவார்கள். காரணங்கள் 5 நாளுக்குள் கைதியின் கையில் இருக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள் காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குக் கோப்பு, காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகத்தின் அறிக்கை. அதிகபட்சம் 12 மாதம்.

உடைவது பெரும்பாலும் காகிதத்தில்தான். கைதிக்குக் கொடுக்கும் ஆவணத் தொகுப்பை, அதாவது புக்லெட்டைப் புரட்டுங்கள். ரிமாண்ட் உத்தரவின் நகல் கறுப்படித்துப் போயிருக்கும், ஒரு வரி தேறாது. ஆங்கில ஜாமீன் உத்தரவுக்குத் தமிழாக்கம் இருக்காது. படிக்க முடியாததை எதிர்த்து என்ன முறையீடு எழுதுவது? காரணம் அறிந்து முறையிட அரசமைப்புச் சட்டத்தின் 22(5) தரும் உரிமை அங்கேயே போகிறது. முறையீட்டைப் பரிசீலிக்காமல் காரணமின்றி நாள் கடத்தினாலும் காவலே சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு ஜெயிக்கும்.

வைகைக்கரை:
ஜாமீன் விஷயம் விட்டுப்போயிற்று. ஆள் ஏற்கெனவே சிறையில் இருந்தால், வெளியே வர உண்மையான வாய்ப்பு உண்டு என்று ஆணையில் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். ஜாமீன் மனு நிலுவையில் இல்லாமல், ‘இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது’ என்று வழக்கு எண்கூடச் சொல்லாமல் எழுதிய ஆணை ரேகா வழக்கில் நிற்கவில்லை. 2011, உச்ச நீதிமன்றம்.

ஏரியா அடங்குமா என்றால், அந்த மாதங்களுக்கு ஆள் தெருவில் இல்லை, அவ்வளவுதான். ஆள் முதலில் கைதான மூல வழக்கு நகர்கிறதா என்று பாருங்கள். குண்டாஸ் போட்டாயிற்று என்றதும் விசாரணையில் வேகம் குறைந்தால், சாட்சி வீடு மாறிப் போவார், அல்லது மிரட்டலுக்குப் பயந்து பிறழ்வார். தண்டனை இல்லாமல் திரும்புகிறவரைக் கண்டு தெரு முன்னைவிட அதிகம் பயப்படும். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் கெடுவுக்குள் ஓட்டையில்லாத குற்றப்பத்திரிகையும் சாட்சிக்குப் பாதுகாப்பும் கொடுப்பதைத்தான் நான் கட்டுப்பாடு என்பேன்.

மலைக்கோட்டை:
சிறையை எந்த இடத்தில் வைப்பது?

பொருநை:
2022 இறுதிக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். தொழிற்பயிற்சி, சீர்திருத்தம் எல்லாம் தண்டனைக் கைதியை மனதில் வைத்து வகுத்தவை. முக்கால்வாசிப் பேருக்கு அது எட்டவே இல்லை என்ற இடத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.