பாத்திரத்தில் எண்ணெய்: ஆண்டவரின் இரண்டாம் வருகையை எண்ணிக் கலங்குகிறவர்களைச் சந்திக்கும்போது

உடுவில், வேதபாட வகுப்பு நடத்துகிறவர்

கடைசிக் காலத்தைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களை முதலில் மத்தேயு 25:5ஐச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மணவாளனை எதிர்கொள்ளப் போன பத்துக் கன்னிகைகளின் உவமை அது. மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள், புத்தியுள்ள ஐந்து பேர் உட்பட. கண்ணயர்ந்தது அங்கே குற்றமில்லை, பாத்திரத்தில் எண்ணெய் இல்லாததுதான் குற்றம். இதைக் கேட்டதும் பாதிப் பயம் இறங்கிவிடும்.

பழைய மொழிபெயர்ப்பில் அவர்கள் கையில் இருந்தது விளக்கல்ல, 'தீவட்டி' என்றிருக்கிறது. திருவிழாவில் தீவட்டி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பந்தத்துணி குடித்த எண்ணெய் கொஞ்ச நேரத்துக்குத்தான் காணும், இடையிடையே வார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். குத்துவிளக்கை மனதில் வைத்து வாசிக்கிறவர்கள்தான் ஒருதரம் நிரப்பினால் விடியும்வரை போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். எழுப்புதல் கூட்டத்தில் மூன்று நாள் அழுதுவிட்டு மற்ற நாளெல்லாம் வேதத்தைத் திறக்காமல் இருப்பது அப்படிப்பட்ட கணக்கு. தினமும் ஒரு அதிகாரம், கால் மணித்தியாலம் ஜெபம், படுக்கமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது: அளவு சிறிதாக இருக்கட்டும், விடாமல் இருக்கட்டும். எண்ணெய் இரவல் கேட்ட ஐந்து பேருக்கும் கதவு அடைபட்டது. அதுபோல அம்மம்மாவின் ஜெபத்தை இரவல் வாங்கிக்கொண்டு கதவடிக்குப் போகமுடியாது.

வட்டுக்கோட்டை, ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திகதி குறித்துக்கொண்டு வருகிறவர்களோடு வாதாடவேண்டாம். ஒரு தாளும் பேனையும் கொடுத்து, அந்தக் கணக்கைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14இல் உள்ள 2300 நாளை 2300 வருடமாக எடுத்தார். கி.மு. 457இலிருந்து எண்ணி 1843 என்றார். கி.மு. 1க்கு அடுத்த வருடம் கி.பி. 1, நடுவில் பூச்சிய வருடம் கிடையாது, ஆகவே 1844 என்று திருத்தினார்கள். கடைசியாகக் குறித்த 1844 ஒக்டோபர் 22உம் சும்மா கழிந்தது. அறுவடையை வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. 2011 மே 21 என்று அறிவித்த வானொலிப் பிரசங்கி பெருவெள்ளத்தைக் கி.மு. 4990இல் வைத்து, அதிலிருந்து 7000 வருடம் கூட்டினார். திருத்தியபிறகு பார்த்தால் இரண்டு கணக்கிலும் கூட்டல் பிழைக்கவில்லை. நாளை வருடமாக்கலாம், இந்த வருடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட இரண்டிலும்தான் பிழை. அந்த இரண்டையும் தாளில் வட்டமிட்டுக் காட்டினால் போதும், பிறகு அந்த நாளை ஒருவனும் அறியான் என்கிற மத்தேயு 24:36ஐத் திறக்கலாம்.

வெளிப்படுத்தல் புத்தகத்தை 13ஆம் அதிகாரத்தில், மிருகத்தின் இலக்கத்தில், தொடங்கவே கூடாது. 2உம் 3உம் முதலில். ஏழு சபைகளுக்கும் போன கடிதங்களில் சிமிர்னாவுக்கும் பிலதெல்பியாவுக்கும் மட்டும் கண்டிப்பு இல்லை. மற்ற ஐந்தில் எது நம்முடைய சபைக்குப் பொருந்துகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அடுத்து 4, 5: சிங்காசனமும் ஆட்டுக்குட்டியானவரும். அதைத் தாண்டினபிறகுதான் முத்திரைகளும் எக்காளங்களும் சரியான இடத்தில் நிற்கும்.

மானிப்பாய், வீடு சந்திப்பு ஊழியம்

நம்முடைய ஊரில் இந்தப் பேச்சை எடுக்கும்போது மிகக் கவனம் தேவை. 1995 ஒக்டோபர் 30இல், யுத்தத்தில், யாழ்ப்பாணத்து வலிகாமம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. 'வீட்டின்மேல் இருக்கிறவன் எதையாகிலும் எடுப்பதற்கு இறங்காதிருக்கக்கடவன்' என்று ஆண்டவர் கடைசிக் காலத்தைப் பற்றிச் சொன்ன வசனம் இங்கே பலருக்கு உவமையல்ல. அதே வருடம் ஜூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மேல் குண்டு விழுந்தது. பிறகு 2004 டிசம்பர் 26, கடல் பொங்கிய சுனாமி. இவற்றை 'தண்டனை' என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த வீட்டுக் கதவு பூட்டிக்கொள்ளும், பூட்டுவதும் நியாயம். லூக்கா 13:4இல் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகளல்ல என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். யுத்தங்களைப்பற்றி அவர் சொன்னது: 'முடிவு உடனே வராது.'

வட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்து நித்திரையில்லாமல் இருக்கிறவரிடம் வசனத்தோடு போகாதீர்கள். சாப்பிட்டீர்களா, எத்தனை நாளாக நித்திரை இல்லை என்று கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் கூட்டிப்போகவேண்டும், அது விசுவாசக் குறைவல்ல. வேலையை விடப்போகிறேன், காணியை விற்கப்போகிறேன் என்பவருக்கு 1 தெசலோனிக்கேயர் 4:11 போதும்: அமைதலாயிருந்து, சொந்த அலுவலைப் பார்த்து, சொந்தக் கைகளால் வேலை செய்யுங்கள்.

குருநகர், மறையாசிரியர்

எங்கள் கத்தோலிக்கப் பக்கம், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முற்பகுதி, டிசம்பர் 16 வரை, ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியது. பாலன் குடில் கட்டுகிற அவசரத்தில் அது மறந்துபோகிறது. இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 2இல் சேமக்காலைக்கு, அதாவது கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதே ஆயத்தம் தொடங்கவேண்டும்.

அதிகம் பிழைக்கிற இடம் நோயில் பூசுதல், நோயாளிக்குச் சுவாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கிற அருட்சாதனம். 'சுவாமியாரைக் கூப்பிட்டால் ஆள் பயந்துவிடும்' என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பியபிறகு ஓடுவார்கள். அப்போது பூசலாம், ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்யமுடியாது, நற்கருணையும் விழுங்கமுடியாது. இறந்தபிறகு பூசுவதில்லை, செபம் மட்டும்தான். கடுமையான நோய் என்று தெரிந்தவுடன், பெரிய சத்திரசிகிச்சைக்கு முன் கூப்பிடுங்கள். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். கட்டில் அருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, தீர்த்தம், நற்கருணைக்குப்பின் குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர். பங்குப்பணிமனை இலக்கத்தைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் தொலைபேசியில் தேட ஒருவருக்கும் கை ஓடாது.

சாவகச்சேரியிலிருந்து

வேலி, கிணற்றுப் பங்கு, சீதனக் காணி. இந்த மூன்றிலும் பேசாமல் போன சகோதரங்கள் எத்தனை! மத்தேயு 5:24 காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. போகும்போது காணி உறுதிப் பத்திரத்தைக் கையில் கொண்டுபோகவேண்டாம், முதல்தரம் தனியாகப் போங்கள். மரணசாதனம் (உயில்) எழுதுவதும் ஆயத்தந்தான். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். எழுதாவிட்டால் அந்த வேலிச் சண்டை அடுத்த தலைமுறைக்குப் போகும்.

உடுவில்

தம்பி சொன்ன ஒப்புரவையும் படுக்கமுன் பார்க்கிறதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எபேசியர் 4:26 தருகிற தவணை சூரியன் அஸ்தமிக்கிறவரைக்கும்தான்.