விற்பதற்கு முன் பழைய வீட்டில் எதைச் சீர்செய்வது?

கேள்வி: தக்கலை வாசகர்

தக்கலைக்கு அருகில் 12 சென்ட் நிலத்தில் எங்கள் பெற்றோர் வாழ்ந்த வீடு உள்ளது. முன்பகுதி ஓட்டு வீடு. பின்னால் உள்ள அடுக்களையும் இரண்டு அறைகளும் 1980களில் கான்கிரீட் கூரையுடன் சேர்த்துக் கட்டப்பட்டவை. நானும் தங்கையும் வெளியூரில் இருப்பதால் அடுத்த ஆண்டு விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் சுமார் 4 லட்சம் ரூபாய் வரை செலவிட எங்களால் இயலும். தரை முழுவதும் டைல்ஸ் பதிக்கலாம் என்றும், அடுக்களையை மாடுலர் முறைக்கு மாற்றலாம் என்றும், முகப்பில் கல் ஒட்டலாம் என்றும் உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கான்கிரீட் பகுதியின் உட்கூரையில் இரண்டு இடங்களில் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது. சுவரின் அடிப்பகுதியில் உப்பு பூத்திருக்கிறது. எதைச் செய்தால் வாங்க வருபவருக்கு வீட்டின் மீது நம்பிக்கை வரும், போட்ட பணமும் விலையில் திரும்பக் கிடைக்கும்?

பதில்: கட்டடப் பொறியாளர், மார்த்தாண்டம்

ஐயா, உறவினர்கள் சொன்ன மூன்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெய்யும் மாவட்டம் நம்முடையது. வீடு பார்க்க வருபவர் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார். அங்கே ஈரக்கறை தெரிந்தால், கீழே எவ்வளவு விலையுயர்ந்த டைல்ஸ் கிடந்தாலும் அவர் மனம் விலையைக் குறைக்கத் தொடங்கிவிடும்.

கம்பி தெரிவதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். துருப்பிடித்த கம்பி பருமனில் பெருகித் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. அதனால்தான் காரை உதிர்கிறது. அதன் மேல் சிமெண்ட் பூசிப் புட்டி போட்டு மறைத்தால் துரு உள்ளே தொடர்ந்து வளர்ந்து, அடுத்த மழைக்காலத்திலேயே மீண்டும் கொட்டும். தளர்ந்த பகுதியைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு நீங்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பி பெரிதும் மெலிந்திருந்தால் பூச்சு வேலை மட்டும் போதாது. ஒரு பொறியாளர் நேரில் பார்த்த பிறகே தொடங்குங்கள். உட்கூரையைச் சீர்செய்வதற்கு முன் மேல்தளத்தில் நீர் இறங்கும் வழியை அடைப்பது அவசியம். பழைய தட்டோடுகளின் இணைப்புகள் விட்டிருந்தால் அவற்றைப் பெயர்த்து, மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிவு கொடுத்து மீண்டும் பதிக்கச் சொல்லுங்கள். நீர் தேங்கி நிற்கும் மாடியில் எந்த ரசாயனப் பூச்சும் நெடுநாள் நிலைப்பதில்லை.

சுவரடி உப்புக்குக் காரணம் தரையிலிருந்து ஏறும் ஈரம். அதை மறைக்க டைல்ஸ் ஒட்டினால் ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறிப் பூக்கும். வீட்டைச் சுற்றி மண் உயர்ந்திருந்தால் முதலில் அதைத் தாழ்த்துங்கள். கூரையிலிருந்து விழும் நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வெளிப்புறம் சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டு, பாதித்த பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரைக் காய விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, தை, மாசி மாதங்களில் பெயிண்ட் அடிப்பது நல்லது. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் கொப்புளம் போட்டு உரியும்.

ஓட்டுப் பகுதியைப் பற்றியும் ஒரு சொல். உடைந்த ஓடுகளையும், அவற்றைத் தாங்கும் மரச்சட்டங்களான பட்டியல்களில் செல்லரித்தவற்றையும் மாற்றினாலே போதும். கதவும் உத்தரமும் தேக்கு, பலா, அயனி போன்ற மரங்களாக இருந்தால், மேலே அடித்திருக்கும் பழைய இனாமலைச் சுரண்டி எடுத்து மெருகேற்றுங்கள். சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் தயவுசெய்து அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். தேய்த்து மெழுகு போட்டால் பழைய பளபளப்பு திரும்பிவிடும். பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு நல்ல பழைய தரையின் மதிப்பு தெரியும்.

பதில்: நாகர்கோவிலில் அண்மையில் வீடு வாங்கியவர்

பொறியாளர் சொன்னதை வாங்குபவர் பக்கத்திலிருந்து உறுதி செய்கிறேன். நாங்கள் வேண்டுமென்றே ஐப்பசி மழையில்தான் வீடுகளைப் பார்க்கப் போனோம். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்த ஒரு வீட்டில் பெயிண்ட் வாசனைக்கு அடியில் பூஞ்சை வாசனை வந்தது. என் மனைவி அடுத்த அறைக்குள்கூட நுழையவில்லை. கடைசியில் நாங்கள் வாங்கிய வீட்டில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் கூரை காய்ந்திருந்தது, கிணறு இறைத்துத் தூய்மையாக இருந்தது, குளியலறைக் குழாய்கள் ஒழுகவில்லை. மாடுலர் அடுக்களையைப் பொறுத்தவரை, வாங்குபவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவே நினைப்பார். தொட்டியையும் குழாயையும் புதுப்பித்து, பழுதான மின்கம்பிகளை மாற்றி, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் ஒன்றைப் பொருத்தியிருந்தால் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

பதில்: நிலத் தரகர், குழித்துறை

மேலே சொன்ன அனைத்தும் சரி. ஆனால் செலவைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். உங்கள் வீட்டை வாங்க வருபவர் வீட்டை வாங்குவாரா, 12 சென்ட் நிலத்தை வாங்குவாரா? வண்டி வரும் அகலமான பாதையும் கடைத்தெருவுக்கு அருகாமையும் இருந்தால், சென்டுக்கு விலை பேசிவிட்டுப் பழைய கட்டடத்தை இடிக்க நினைப்பவர்களே அதிகம் வருவார்கள். அவர்களிடம் நீங்கள் போட்ட 4 லட்சம் திரும்பாது. அந்த நிலையில் எல்லைக் கற்களைச் சரிபார்த்து, முற்றத்துப் புதரை வெட்டி, மதிலையும் வாசற்கதவையும் செம்மைப்படுத்துவதோடு நிறுத்துங்கள். குடியிருக்கவே வாங்குபவர்கள் வரும் இடம் என்றால் பொறியாளரின் வழியில் போங்கள். பக்கத்தில் அண்மையில் கைமாறிய இரண்டு மூன்று மனைகளுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்தாலே இது தெரிந்துவிடும்.

பதில்: ஆவண எழுத்தர், இரணியல்

பத்திரங்களைச் சீர்செய்வதும் வீட்டைச் சீர்செய்வதில் சேர்ந்ததே. பட்டா இன்னும் பெற்றோர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் பெற்று உங்கள் இருவர் பெயருக்கும் மாற்றுங்கள். 1956க்கு முந்தைய திருவிதாங்கூர்க் காலத்துத் தாய்ப்பத்திரம் மலையாளத்திலும், தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டிலும் இருக்கக்கூடும். அதைத் தமிழில் பெயர்த்து, பழைய சர்வே எண்ணுக்கு உரிய ரீசர்வே (மறு நில அளவை) எண்ணையும் குறித்து வைத்தால், வெளியூர் வாங்குபவருக்கும் வங்கிக்கும் பாதி ஐயம் நீங்கும். பின்னால் சேர்த்த அறைகள் சொத்து வரிக் கணக்கில் ஏறியுள்ளனவா என்றும் பாருங்கள்.

செலவு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். விற்பனையில் கிடைக்கும் லாபமான மூலதன ஆதாயத்தை வரிக்காகக் கணக்கிடும்போது புதிய கழிவறை, மதில் போன்ற மேம்பாட்டுச் செலவுகளைக் கழிக்க வழி உண்டு. பெயிண்டும் வழக்கமான பழுதுபார்ப்பும் பொதுவாக அதில் சேர்வதில்லை. 23 ஜூலை 2024க்கு முன் கைக்கு வந்த வீட்டை விற்கும் உள்நாட்டுவாசி, பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாத 12.5 சதவீதம், சரிக்கட்டலுடன் கூடிய 20 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த வரியைச் செலுத்தலாம். உங்கள் கணக்கை ஒரு தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. எங்கள் தெருவில் அண்மையில் விற்ற வீடுகளில் வாங்கியவர்களே குடியிருக்கிறார்கள். ஆகவே கூரையையும் ஈரத்தையும் முதலில் கவனிக்கிறோம். பொறியாளர் ஐயா, மேல்தள வேலை முடிந்ததும், அடுத்த மழை வரும்வரை காத்திராமல், கசிவு நின்றுவிட்டது என்று உறுதி செய்ய வழி இருக்கிறதா?

பதில்: கட்டடப் பொறியாளர், மார்த்தாண்டம்

இருக்கிறது. நீர் போகும் துளைகளை அடைத்து, தாழ்ந்த ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுவதும் நிறுத்துங்கள். துளைகளைத் திறக்கும் முன் கீழே ஒவ்வோர் அறையின் உட்கூரையையும் தொட்டுப் பாருங்கள். கம்பிகள் சீர்செய்யப்பட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும். மெலிந்த தளத்தின் மேல் நீரின் பாரத்தை ஏற்றக் கூடாது. ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையை இந்தச் சோதனை முடிந்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.