கிடப்பு வால்வு, நடப்பு வால்வு: 'நியூ ஓல்டு ஸ்டாக்'குக்கு என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் தொகுப்பில் 'வேக்கூம் டியூப்' என்பதற்கு, அதாவது பழைய ரேடியோவிலும் ஆம்ப்ளிஃபயரிலும் மின்குறிப்பைப் பெருக்கும் அந்தக் காற்றில்லாக் கண்ணாடிக் குமிழுக்கு, குழாயா குழலா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. கணினித் தலைமுறைகள் பாடத்தில் 'வெற்றிடக் குழாய்' என்று படித்தவர்கள் ஏராளம், கடையிலும் பட்டறையிலும் அது எப்போதுமே வால்வுதான். தலைப்பில் வெற்றிடக் குழல் என்று போட்டுவிட்டு உள்ளே வால்வு என்று எழுதிக்கொண்டு போனால் யாருக்கும் தலைவலி இல்லை. எனக்கு அவசரமாக வேண்டியது வேறு. வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்கிற 'நியூ ஓல்டு ஸ்டாக்', சுருக்கமாக என்.ஓ.எஸ்., அதைத் தமிழில் என்ன சொல்வது? அந்தக் காலத்தில் செய்து, விற்காமல், யாரும் செட்டில் போடாமல், பெட்டியோடு தங்கிவிட்ட வால்வு. இதுவரை வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னுடையதைச் சொல்கிறேன்.

> பழைய புதிய இருப்பு

இதைப் படிக்கிறவர் கிடங்கில் பழையதும் புதியதும் கலந்து கிடக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

> பயன்படாத பழைய வால்வு

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இப்படி ஒரு விளம்பரம் போட்டால் காயலான் கடைக்காரர்தான் வண்டியோடு வந்து நிற்பார். 'பயன்படுத்தாத' என்று திருத்தலாம். ஆனால் நேற்று தொழிற்சாலையிலிருந்து வந்த வால்வும் பயன்படுத்தாததுதானே, அதையும் இதையும் எப்படிப் பிரிப்பது?

> சூடேறாத வால்வு

கேட்டதும் பிடித்துப்போனது இதுதான். ஃபிலமென்ட் சூடானால்தான் வால்வுக்கு உயிர், அது ஒருமுறையும் சூடாகவில்லை என்றால் புதுசு, அழகான எண்ணம். ஆனால் உண்மை இல்லை. எலெக்ட்ரானை உமிழும் கேத்தோடு என்பது நிக்கல் குழல் ஒன்றின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டுகளைப் பூசியது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும்போதே அதைச் சூடாக்கி ஆக்சைடாக மாற்றுவார்கள், கண்ணாடியை மூடிய பிறகும் மின்சாரம் கொடுத்து ஓட்டி நிலைப்படுத்துவார்கள், சோதனை மேசையில் இன்னொரு முறை சூடேறும். சூடேறாத வால்வு என்று ஒன்று தொழிற்சாலை வாசலைத் தாண்டவே முடியாது.

என் பரிந்துரை: கிடப்பு வால்வு. இன்றைக்கு உற்பத்தியாகி வருவது நடப்பு வால்வு. ஏற்கெனவே செட்டில் ஓடியது புழங்கிய வால்வு. மூன்றும் சேர்ந்தால் சந்தையில் இருக்கிற எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

கிடப்பில் போடுவது என்றால் கோப்பைக் கவனிக்காமல் விடுவதுதானே, கெட்ட வாடை அடிக்கிறதே என்று ஒரு அண்ணன் தனிமடலில் கேட்டார். அடிக்கட்டுமே. நடந்ததும் அதுதானே. டிரான்சிஸ்டர் வந்தது, ரேடியோவும் டிவியும் மாறிக்கொண்டன, ராணுவங்கள் உதிரிக்காக வாங்கிக் குவித்தவை கிடங்கிலேயே தங்கின. பிரிட்டிஷ் படைக்கென்று சிவி4004 என்ற எண்ணில் செய்த உயர்தர இசிசி83 (ஆம்ப்ளிஃபயரின் முன்கட்டத்தில் போடும் சின்ன வால்வு) இன்றும் சந்தையில் வருகிறதென்றால் அப்படித் தங்கியதால்தான். நம் பக்கத்திலும் கதை இதுவே. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பிஇஎல்) 1961இல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. நம் ஊர் ரேடியோ கடைகளில் விற்காமல் நின்ற பிஇஎல் இசிசி83, இஎல்84 எல்லாம் இப்போது கடல் தாண்டிப் போய் விலை போகின்றன.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த குணம், அது அதிகம் பேசாது. கிடந்தது என்று மட்டும் சொல்கிறது, நல்லது என்று சொல்லவில்லை. கிடந்து கிடந்து ருசி ஏறுவது அரிசிக்கும் புளிக்கும்தான், வால்வுக்கு இல்லை. சாக்கெட்டில் செருகும் பின்கள் வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்திருந்தால், கண்ணாடியின் உச்சியில் உள்பக்கம் வெள்ளி போல மின்னும் பூச்சு பால் வெள்ளையாகிவிடும், அந்த வால்வு கிடப்பானாலும் குப்பைதான். புழங்கியதைத் துடைத்துக் கிடப்பு என்று விற்பவர்களும் உண்டு. எனக்கும் ஒரு இணையக் கடையிலிருந்து அப்படி வந்தது. பெட்டி என்னவோ மணக்க மணக்கப் பழசு, பின்களில் சாக்கெட் உரசிய நீளக் கோடுகள், வெள்ளிப் பூச்சின் ஓரம் பழுப்பாகக் கரைந்திருக்கிறது. சோதனைக் கருவியில் செருகினாலும் பின்னில் கீறல் விழும் என்று கடையிலிருந்து பதில் வந்தது. அது உண்மைதான், ஆனால் கருவியில் செருகியதால் பூச்சு கரையாது.

ஆகவே விளக்கக் குறிப்பில் அளவீடும் வர வேண்டும். இசிசி83 என்றால் ஆனோடில் (எலெக்ட்ரான் வந்து சேரும் தகடு) 250 வோல்ட், கிரிடில் (அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) மைனஸ் 2 வோல்ட் கொடுத்தால், 1.2 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். பெருக்கக் காரணி 100. உள்ளே இரண்டு டிரையோடுகள், அதாவது தனித்தனிப் பெருக்கிகள், இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். கிடப்பு என்று விற்பவர் இந்த எண்களைத் தரட்டும், தராதவர் பெட்டியின் படத்தை மட்டும் விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, வால்வின் மேல் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயர்கள். குழப்பமெல்லாம் இங்கேதான். ஒரு நண்பர் "முல்லார்ட் என்றால் கிடப்பு, ஜேஜே என்றால் நடப்பு" என்று எழுதியிருந்தார். அப்படி வைத்துக்கொள்ள முடியாது. இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் முல்லார்ட், டங்-சோல், ஜெனலெக்ஸ் கோல்டு லயன் எல்லாம் ரஷ்யாவின் சரதோவ் நகரில், ஒரே ஆலையில் ஆவது. அந்த ஆலை கிட்டார் கருவிகள் செய்யும் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸை நடத்தும் அமெரிக்க நிறுவனத்துடையது. பழைய முல்லார்ட் வந்தது இங்கிலாந்தின் பிளாக்பர்னிலிருந்து, பழைய கோல்டு லயன் கேடி88 லண்டன் ஹாமர்ஸ்மித்திலிருந்து. பெயரைத் தவிர இரண்டுக்கும் உறவு இல்லை. இவற்றுக்கு 'மறுபதிப்பு' என்று ஒரு பரிந்துரை வந்தது, எனக்கு ஒப்பவில்லை. மறுபதிப்பு என்றால் உள்ளே இருக்கிற எழுத்து அதேதான் என்று பொருள், இங்கே அட்டை மட்டும்தான் அதே. நடப்புக்குள் ஒரு உட்பிரிவாகப் 'பழம்பெயர் வால்வு' என்று வைக்கலாம். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 300பி மட்டும் இதில் இடிக்கும். 1938இல் வந்த வால்வு, 1988இல் நிறுத்தினார்கள், பிறகு அதே பெயரில் மறுபடி தொடங்கினார்கள், இப்போது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வில்லில் செய்கிறார்கள். அதைப் பழம்பெயர் என்று தள்ளுவதா, தொடர்ச்சி என்று கொள்வதா என்பதில் எனக்கே இரண்டு மனசு.

அந்தக் காலத்து அச்சையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிலிப்ஸ் குடும்பத்து ஆலைகள் ஒன்றுக்கொன்று சரக்கு மாற்றிக்கொண்டன, அந்தக் குடும்பத்தின் அமெரிக்கப் பெயரான ஆம்பெரெக்ஸ் என்று அச்சிட்டது ஹாலந்தின் ஹேர்லனிலும் ஆகியிருக்கலாம், பிளாக்பர்னிலும் ஆகியிருக்கலாம். மேலே இருக்கும் மஞ்சள், வெள்ளை எழுத்து விரல் பட்டாலே அழியும். கண்ணாடியின் அடிப்பக்கத்தில், பின்களுக்குச் சற்று மேலே, மங்கலான சாம்பல் நிறத்தில் இரண்டு வரி பொறித்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, வாயால் ஒருமுறை ஊதி ஆவி படிய வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுந்து வரும். கீழ் வரி பி6ஏ2 என்று இருந்தால் பி என்பது பிளாக்பர்ன், 6 ஆண்டின் கடைசி இலக்கம், ஏ ஜனவரி, 2 அந்த மாதத்தின் இரண்டாம் வாரம். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் என்றால் அடிக் கண்ணாடியில் பின்களுக்கு நடுவே அச்சுக் குத்திய வைர வடிவம். நம் கலைச்சொல் அச்சிட்ட பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், எங்கே எப்போது செய்தது என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, ஒலி? கிடப்பு உசத்தி நடப்பு மட்டம் என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே புகுந்துவிடக் கூடாது, ஏனென்றால் அது இடத்தைப் பொறுத்தது. இசைத்தட்டு முன்பெருக்கியில் ஊசியிலிருந்து வருவது 5 மில்லி வோல்ட் அளவுதான், அதையும் தாழ்சுருதிப் பக்கம் கிட்டத்தட்ட 20 டெசிபெல் கூடுதலாகத் தூக்க வேண்டியிருக்கிறது, அங்கே வால்வின் சொந்த இரைச்சல் முழுசாகக் கேட்கும். என் காதுக்கு நல்ல பழைய டெலிஃபுங்கன் அந்த இடத்தில் அமைதியாக இருக்கிறது, நடப்பில் அப்படி ஒன்று கிடைக்கப் பல வால்வுகளைப் பொறுக்க வேண்டும். காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. அன்று ரேடியோ, டிவி, தொலைபேசி எல்லாம் வால்வை நம்பி ஓடின, ஆலைகள் பிரம்மாண்டமாக ஓடின, சரியில்லாததைத் தூக்கிப் போட அவர்களால் முடிந்தது. இன்று பெரிய வாடிக்கையாளர்கள் கிட்டார்காரர்கள், அவர்களில் பலருக்குக் கொஞ்சம் கரகரப்புதான் வேண்டும். அதே ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தில், ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வான இஎல்34 ஜோடி போடும்போது எனக்கு இந்தப் பெரிய வித்தியாசம் கேட்டதில்லை. பயாஸை, அதாவது ஒலி இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தை, சரியாக வைத்தால் ஸ்லோவாக்கியாவின் சாட்சாவில் செய்யும் ஜேஜே ஜோடி நிம்மதியாக ஓடுகிறது. அதற்காகப் பழைய இஎல்34ஐ விலை கொடுத்து வாங்கிக் கரைப்பது பணத்துக்குப் பிடித்த கேடு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இருப்பீர்கள், தெரியும்.

நடப்பு என்பதும் சாசுவதம் இல்லை. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடை வந்தபோது கடைகளில் விலை எப்படி ஏறியது என்பது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். உலகத்துக்கே சரதோவ், சாட்சா, சீனாவின் சில ஆலைகள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய இடங்கள்தான். அதில் ஒன்று நாளைக்கு மூடினால் அதன் சரக்கு கிடப்புக் கணக்குக்குப் போய்விடும், சொல்லை மாற்ற வேண்டியதில்லை, விற்பவர் விலையை மாற்றிக்கொள்வார்.

மறுப்பு இல்லையென்றால் கிடப்பு வால்வு, நடப்பு வால்வு, புழங்கிய வால்வு மூன்றையும் தொகுப்பில் ஏற்றிவிடலாம், பழம்பெயர் வால்வு ஒரு கேள்விக்குறியோடு இருக்கட்டும். வால்வைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் டிங் என்று கேட்கிறதே, அதற்கு 'ஒலிவாங்கி விளைவு' வேண்டாம், 'அதிர்வொலி' போதும். வெள்ளிப் பூச்சு என்று மேலே சொன்னேனே, மிச்சக் காற்றைப் பிடித்துவைக்கும் அந்தப் பேரியப் பூச்சுக்கு, 'கெட்டர்' என்பதற்கு, 'வளிப்பற்றி' என்று எனக்குத் தோன்றுகிறது, யாழ்ப்பாணத்து ஐயாவிடம் பழைய இலங்கைச் சொற்றொகுதி இருந்தால் அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் நல்லது.