நோகுதா, வலிக்குதா: போர்க்காலத்தில் வேலை செய்த தாதியர் பற்றிய நம் அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

இங்கே பலர் போர்க்காலத் தாதியரைப் பார்த்த அனுபவத்தை எழுதியிருக்கிறீர்கள். நானும் தாதிதான். இராணுவத்தில் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில். என்னோடு சில வாரங்கள் வேலை செய்த ஓர் இராணுவத் தாதியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

வன்னிப் போரின் கடைசிக் கட்டத்தில், 2009 ஏப்ரல் 20ஆம் திகதிக்குப் பிறகு சில நாட்களிலேயே, புதுமாத்தளன் பக்கத்திலிருந்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் வெளியே வந்தது. தமிழ் தெரிந்த தாதியர் யாராவது வவுனியாப் பக்கம் போக முடியுமா என்று எங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கண்டியில் படிப்பை முடித்து அப்போது எனக்கு நாலு வருடம். பேர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் லயத்து வாசலிலேயே நின்று கேட்டார். "போற புள்ளைய நிப்பாட்ட மாட்டேன். போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார், அவ்வளவுதான்.

கண்டி, மாத்தளை, தம்புள்ளை என்று பஸ் கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. மதவாச்சிச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பைகளைத் திறந்து காட்டிவிட்டுத் திரும்ப ஏறினோம்.

வேலை நேரம் என்று சொன்னால் காலை 7 முதல் 1 வரை, 1 முதல் இரவு 7 வரை, பிறகு இரவு முழுக்க. அந்தக் கணக்கெல்லாம் முதல் நாளே போய்விட்டது. கட்டிலுக்கு இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர், நடைபாதையில் வரிசையாக மற்றவர்கள். ஷெல் துண்டு பட்ட காயங்கள்தான் அதிகம். பல நாள் பழைய கட்டு, காய்ந்து தசையோடு ஒட்டியிருக்கும். செலைன் ஊற்றி ஊற வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம்கூடப் போகும். வெளியே அடுத்த பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்கும்போது அந்த அரை மணி நேரத்தை அவசரப்படாமல் கொடுப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. காயத்தில் இருந்த புழுவைப் பார்த்து நான் பயப்படவில்லை. கட்டைப் பிரிக்கும்போது கத்தாமல் இருந்த சின்னப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பயந்தேன்.

அந்த இராணுவத் தாதி அக்காவை முதலில் பார்த்தது செட்டிக்குளம் முகாம் பக்கத்து மருத்துவ நிலையத்தில். என்னை அங்கே மாற்றியிருந்தார்கள். மெனிக் பாம் என்ற அந்த முகாமில் அப்போது நாளுக்கு நாள் கூடாரங்கள் கூடிக்கொண்டிருந்தன. இராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து வந்த சிங்களப் பெண், வெலிமடைக்காரர். "நானும் மலைதான் நங்கி (தங்கச்சி)" என்று சிங்களத்தில் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார். நான் அவரை அக்கே என்று கூப்பிட்டேன். அந்தச் சீருடையைப் பார்த்ததும் நோயாளிகள் உடம்பைச் சுருக்கிக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும். அதனால் தொடுவதற்கு முன்னால் கையைக் கொஞ்ச நேரம் சும்மா நீட்டிக்கொண்டு நிற்பார்.

அதற்கு முன் அவர் காயப்பட்ட சிப்பாய்களைப் பராமரிக்கும் இடத்தில் இருந்தவர். அந்த நாட்களைப் பற்றி இரவு வேலையில் துண்டு துண்டாகச் சொல்வார். யாரும் கூப்பிட வேண்டியதில்லையாம், தூரத்தில் ஹெலி சத்தம் கேட்டாலே தூக்கத்திலிருந்து எழுந்து சப்பாத்து போட்டுவிடுவார்களாம். மிதிவெடியில் சிக்கியவன் வந்தால் முதலில் கத்தரிக்கோலால் பூட்ஸை வெட்ட வேண்டும். கால் இருக்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். அந்தப் பையன்கள் மயங்குவதற்கு முன்னால் கேட்பது பெரும்பாலும் அம்மாவின் போன் நம்பரை எழுதிக்கொள்ளச் சொல்லித்தான். காகிதம் தேட நேரமிருக்காது. பிளாஸ்டரைக் கிழித்து நம்பரை எழுதி, அவன் கையிலேயே ஒட்டிவிடுவாராம்.

அந்தப் பழக்கத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எங்களிடம் வந்தவர்களின் பெயரைச் சிங்களத்தில் காதால் கேட்டு எழுதும்போது எழுத்து மாறிப்போகும். சிவனேஸ்வரி சிவராணி ஆகிவிட்டால், அடுத்த முகாமில் அவளைத் தேடும் தாய் எந்தப் பட்டியலில் பார்ப்பார்? அதனால் ஒவ்வொருவரின் முன்கையிலும் பிளாஸ்டர் ஒட்டி, தமிழில் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதினேன். வியர்வையில் மை அழிந்தால் மறுநாள் திரும்ப எழுதுவேன்.

அக்கா என்னிடம் கேட்டது தமிழ். வெலிமடையில் தோட்டத்துச் சனத்தோடு பழகியதில் அவருக்குக் கொஞ்சம் சொல் தெரியும். "வலிக்குதா?" என்று நன்றாகவே கேட்பார். எதிரில் இருப்பவர் "ஓம், நோகுது" என்பார். அக்கா என் முகத்தைப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்தது நம் மலையகத் தமிழ். நாம் ஆமா என்பதை வன்னிச் சனம் ஓம் என்பார்கள். வாந்தியை சத்தி என்பார்கள். மரத்துப் போச்சு என்று நாம் சொல்வதை விறைச்சுப் போச்சு என்பார்கள். முகாமில் அம்மை பரவியபோது "கொப்பளிப்பான்" என்று ஒரு அம்மா சொன்னது முதலில் எனக்கே புரியவில்லை. மஞ்சள் காமாலைக்குச் செங்கமாரி. தமிழ் தெரியும் என்று வந்த நானும் அங்கே படிக்க வேண்டியிருந்தது.

அக்கா ஒரு கொப்பி வாங்கினார். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். முதலில் சிங்களச் சொல், அடுத்தது நம் சொல், மூன்றாவது வன்னிச் சொல், எல்லாம் சிங்கள எழுத்தில். நோகுது ஒன்று, உளையுது வேறு, கடுக்குது வேறு என்று நோயாளிகளிடமே கேட்டுத் திருத்திக்கொள்வார். தன் வலிக்கு என்ன பெயர் என்று ஒருவர் கேட்டு, பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தால் நோயாளியின் முகமே மாறும். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். சீருடையைக் கண்டு பயந்த பெண்கள் மூன்றாம் நாள் "அப்பிடி இல்லை பிள்ளை, உளையுது எண்டு சொல்லுங்கோ" என்று அவருக்குப் பாடம் எடுத்தார்கள்.

ஒரு நாள் கொப்பியின் அந்த மூன்றாவது பத்தி, வன்னிச் சொல், பிசகியது. இடுப்பு எலும்பு முறிந்த வயதான அம்மா ஒருவர் "ரொம்ப வலிக்குது கண்ணு" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. "அம்மாச்சி, நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். 1974இல் பஞ்சம், 1977இல் கலவரம், அதோடு சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனவர்கள். அங்கே காடு வெட்டி, கிணறு வெட்டி, முப்பது வருடம் இருந்து, திரும்ப எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தக் கட்டிலுக்கு வந்திருக்கிறார். இப்படி எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். வன்னிப் போரைப் பற்றிப் பேசும்போது அதில் செத்தவர்களில் நம் லயத்துச் சனமும் இருந்தது என்பதை நாம் சொல்ல மறந்துவிடுகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

கொப்பியில் "எல்லாம் சரியாகிவிடும்" என்ற வரியும் இருந்தது. அக்கா கேட்டார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு தாய்க்கு ஊசி போடும்போது அக்கா அதைச் சொன்னார். அந்தத் தாய் கோபப்படவில்லை. "அதை மட்டும் சொல்லாதேங்கோ பிள்ளை" என்றார். நான் மொழிபெயர்க்க வேண்டியே வரவில்லை. அக்கா அன்றிரவு அந்த வரியை மூன்று பத்தியிலும் அடித்துவிட்டு, பக்கத்தில் "பிள்ளைகளின் பெயர் என்ன?" என்று எழுதித் தரச் சொன்னார்.

பொகவந்தலாவையிலிருந்து:

மேலே எழுதிய அக்காவுக்கு நன்றி. நீங்கள் சொன்ன அந்தச் சனத்தில் நானும் ஒருவன். அப்பா 77 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்தில் குடியேறினவர். நான் அங்கேதான் பிறந்தேன். நீங்கள் வெளியே வந்தவர்களைப் பார்த்தீர்கள், நான் உள்ளே இருந்த ஒரு தாதியைப் பற்றிச் சொல்கிறேன்.

2009 மார்ச்சில் தொடையில் ஷெல் துண்டு பட்டு, புதுமாத்தளனில் ஆஸ்பத்திரியாக இயங்கிய பள்ளிக்கூடத்தில் கிடந்தேன். எங்கள் அறையைப் பார்த்த பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். விடிவதற்கு முன்னால் பாவித்த கட்டுத் துணிகளைத் துவைத்து, பெரிய பானையில் அவித்து, வேலியில் காயப் போடுவா. மணல் பறந்து ஒட்டினால் திரும்ப அவிப்பா. மருந்து குறையக் குறைய, யாருக்கு இன்றைக்கு, யாருக்கு நாளைக்கு என்று அவவே முடிவெடுக்க வேண்டி வந்தது. எனக்கு இல்லையென்று சொல்ல வந்த நாளில் கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னா. ஷெல் விழும்போது பங்கருக்குப் போகச் சொல்லி நாங்கள் கத்துவோம். "நீங்கள் எழும்ப ஏலாது, நான் மட்டும் எப்பிடிப் போறது" என்று நிலத்தில் குனிந்து எங்களோடு இருப்பா.

செஞ்சிலுவைக் கப்பல் வந்த நாள் கரைவரை வந்தா. படகில் ஏற்றுவதற்கு முன் என் சட்டைப் பொத்தானில் ஒரு துண்டைக் கட்டினா. என்ன மருந்து, எந்த நாள், கடைசிக் கட்டு எப்போது என்று எல்லாம் அதில் இருந்தது. கப்பல் கொண்டுபோய் இறக்கிய புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழுவினர் அதைப் படித்துவிட்டுத்தான் கட்டைப் பிரித்தார்கள். காலை எடுக்காமல் விட்டதற்கு அந்தத் துண்டும் ஒரு காரணம் என்று ஒரு டொக்டர் சொன்னார்.

நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் கேட்கவில்லை. இப்போது மாமா வீட்டோடு தோட்டத்தில் இருக்கிறேன், மழைக்காலத்தில் கால் உளையும். பாருங்கள், இன்றைக்கும் எனக்கு வாயில் வருவது உளையுதுதான், இங்கே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மாத்தளன் பள்ளிக்கூடத்தில் வேலை செய்த தாதியரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வேலியில் துணி காயப் போட்ட அந்தப் பிள்ளை இருக்கிறாவா என்று மட்டும் எழுதுங்கள்.

ஹட்டனிலிருந்து, மறுபடியும்:

தம்பி, எனக்குத் தெரிந்த வன்னித் தாதியர் இரண்டு பேரிடம் இன்று விசாரித்தேன். இருபது வயது என்பதை வைத்து அவர்களால் சொல்ல முடியவில்லை. அறை எந்தப் பக்கம், வேறு யார் அங்கே இருந்தார்கள் என்று ஞாபகம் வந்தால் எழுதுங்கள், தொடர்ந்து கேட்கிறேன். சட்டையில் துண்டு கட்டி வந்தவர்களை நாங்களும் கண்டோம். அந்த எழுத்தைப் பார்த்து, எழுதியவர் ஒழுங்காகப் படித்தவர் என்று பேசிக்கொள்வோம்.

வெலிமடை அக்காவைப் பல வருடம் கழித்து நுவரெலியாவில் பார்த்தேன். வயதான அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்திருந்தார், சேவையிலிருந்து விலகிவிட்டாராம். வரிசையில் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பாட்டி காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அக்கா குனிந்து "நோகுதா?" என்று கேட்டார். பாட்டிக்கு விளங்கவில்லை. அக்கா ஒரு நிமிடம் யோசித்து, "வலிக்குதா?" என்றார்.