அல்சேஷனுக்கு ஆறு மாச ரெயினிங் தேவையோ, இல்லாட்டி காசு வீணோ?

கொண்டாவில்_பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் கனடாவில, அம்மாவும் அப்பாவும் கொண்டாவில் வீட்டில தனிய. பக்கத்து ஒழுங்கையில களவு போனதோட காவலுக்கு எண்டு ஒரு அல்சேஷன் குட்டி வாங்கிக் குடுத்தனாங்கள். இப்ப எட்டு மாசம், ஆள் நல்லா வளந்திட்டார், படலை கொஞ்சம் திறந்தாப் போதும் பாய்ஞ்சு ரோட்டுக்கு ஓடுறார், சங்கிலியோட அம்மாவை இழுத்து விழுத்தப் பாத்திட்டார். ஒரு ரெயினர் சொல்லுறார் ஒரு மாசம் தன்னட்டக் கொண்டுவந்து விட்டால் எல்லாம் பழக்கித் தருவாராம். இன்னொராள் வாரத்தில ஒருக்கா வீட்டுக்கு வருவாராம், ஆனா ஆறு மாசம் செய்யோணுமாம், காசும் கூட. அப்பா ரெண்டும் வேண்டாம் எண்டுறார், நாய்க்கு என்ன ரியூசனோ எண்டு ஏசுறார். என்ன செய்யிறது?

சங்கிலியன்:
அப்பா சொல்லுறதுதான் சரி தம்பி. காவலுக்கு வாங்கின நாயை சிற், ஷேக் ஹாண்ட் எண்டு பழக்கினால் பேந்து கள்ளன் வந்தாலும் கை குடுக்கும். எங்கட வளவில காலங்காலமா ஊர்நாய்தான், ஆரும் ஒண்டும் பழக்கினதில்லை, பகல் கட்டி வைக்கிறது இரவு அவுத்து விடுறது, ஆர் வீட்டு ஆள் ஆர் பிறத்தி எண்டு அதுக்கு வடிவாத் தெரியும். ஆறு மாசமாம்! ஓஎல் சோதினைக்கே சிலதுகள் அவ்வளவு நாள் படிக்கிறேல்லை.

லூசிட_அம்மா_நல்லூர்:
அண்ணை, அவர் கேட்டது அம்மா விழுறதைப் பற்றி, நீங்கள் கள்ளனைப் பற்றிக் கதைக்கிறியள். ஆண் அல்சேஷன் முழுசா வளந்தால் 30, 40 கிலோ வரும், அது ஒரு பூனையைக் கண்டு பாஞ்சால் வயசு போன மனிசியால பிடிக்க ஏலுமோ? ஊர்நாய் 15 கிலோ, அதுவும் ஒழுங்கை முழுக்கத் தன்ர இடம் எண்டு திரியிறது, அதோட இதை ஒப்பிட்டுக் கதைக்காதேங்கோ. மற்றது சொல்லுக் கேக்கிற நாய் காவல் காக்காது எண்டு ஆர் சொன்னது? பொலிஸ் நாயை விடச் சொல்லுக் கேக்கிற நாய் எங்க இருக்கு, அதுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கோவன்.

சங்கிலியன்:
பொலிஸ் நாய்க்கு எண்டு சம்பளத்தில ஒரு ஆள் இருக்கிறான் தங்கச்சி, குளிப்பாட்டிறது, தீத்திறது, நடத்திறது எல்லாம் அவன்தான். கண்டி அஸ்கிரியவில அதுக்கெண்டு தனிப் பிரிவே இருக்கு. கொண்டாவிலில ஆர் இருக்கினம்? முட்டி நோவோட ஒரு அம்மா, டிவிக்கு முன்னால ஒரு அப்பா.

மாட்டு_டொக்டர்_பேராதனை:
சங்கிலியன் அண்ணை தன்னை அறியாமலே மற்றப் பக்கத்துக்குக் கதைச்சிட்டார். அந்த நாய் நல்ல நாயா இருக்கிறதுக்குக் காரணம் ஒரே ஆளோட நாளாந்தம் நிக்கிறதும், வேலையில இருக்கிற காலம் முழுக்கப் பயிற்சி நிப்பாட்டாமல் நடக்கிறதும்தான்.

நான் மிருக வைத்தியம் படிக்கிறன், சொந்த இடம் சாவகச்சேரி. எட்டு மாசம் எண்ட வயசைக் கவனியுங்கோ. 2020 இல பிரிட்டன்காரர் கண் தெரியாத ஆக்களுக்கு வழிகாட்டப் பழக்கிற நாய்க் குட்டியளை வைச்சு ஒரு ஆய்வு செய்தவை, அஞ்சு மாசத்தில சிற் எண்டால் இருந்த குட்டியள் எட்டு மாசத்தில வளக்கிற ஆள் சொன்னால் கேக்கிறது குறைஞ்சு போச்சு, ஆனா முன்பின் தெரியாத ஆள் சொன்னால் கேட்டுதுகள். எங்கட வீட்டுப் பெடியள் மாமா வந்தால் மட்டும் புத்தகம் தூக்கிற மாதிரித்தான். அதால அந்த ஒரு மாச ரெயினரிட்ட விட்டால் அவர் கையில நாய் அற்புதமா நிக்கும், உங்களுக்கு வட்ஸ்அப்பில வீடியோவும் வரும், வீட்டை வந்து அம்மா சங்கிலியைப் பிடிச்ச உடன பழைய குணம்தான். பழக வேண்டியது அம்மாவும் அப்பாவும்.

சங்கிலியன்:
அப்ப ஆறு மாசம் அம்மாவுக்கு ரெயினிங்கோ 😂

மாட்டு_டொக்டர்_பேராதனை:
ஓம் அண்ணை, பகிடி இல்லை, அதுதான் உண்மை.

தினமும் மணித்தியாலக் கணக்கில செய்யோணும் எண்டும் இல்லை. டென்மார்க்கில 44 பீகிள் நாயளை வைச்சுப் பாத்தவை, 2011 இல வந்தது. தினமும் பழக்கின நாயளை விட வாரத்தில ஒண்டு ரெண்டு தரம் மட்டும் பழக்கினதுகள் குறைஞ்ச பாடத்தில விசயத்தைப் பிடிச்சிட்டுதுகள். பேந்து நாலு கிழமை சும்மா விட்டுப் பாத்தாலும் எல்லாம் ஞாபகம் வைச்சிருந்துதுகள்.

சங்கிலியன்:
பாத்தியளோ, நாலு கிழமை விட்டாலும் மறக்காதாம். அப்ப ஏன் ஆறு மாசம்? ஒருக்காப் பழக்கினால் காணும்தானே. நீரே சொல்லுறீர், நீரே மாத்துறீர்.

மாட்டு_டொக்டர்_பேராதனை:
அந்த நாயள் பழகினது ஆய்வுகூடத்தில ஒரு கூடைக்குள்ள போய் இருக்கிற வேலை, அதே இடம் அதே கூடை. உங்கட படலையில நடக்கிறது அப்பிடியோ? ஒருநாள் மீன்காரன் சைக்கிள், ஒருநாள் ஆட்டுக்குட்டி, தீவாளிக்கு வெடி. நாய் குசினிக்குள்ள சிற் பழகினால் அது குசினிக்குள்ள மட்டும்தான் சிற், முத்தத்தில புதுசாப் பழக்கோணும், ரோட்டில அதுக்கு மேல. சொல்லைப் பழக்க ஒரு கிழமை போதும், எங்க நிண்டாலும் எது நடந்தாலும் அந்தச் சொல்லைக் கேக்க வைக்கத்தான் மாசக்கணக்கு.

லூசிட_அம்மா_நல்லூர்:
படலை விசயம் நான் சொல்லுறன், எங்கட லாப்ரடோரும் இதே கூத்துத்தான் ஆடினவள். நாயைக் கழுத்துப் பட்டியோட பிடிச்சுக்கொண்டு படலைக் கொளுக்கியில கையை வையுங்கோ. அவர் எழும்புவார், கையை எடுங்கோ. ஒண்டும் பேசாதேங்கோ, ஏசாதேங்கோ, சும்மா நில்லுங்கோ. யோசிச்சுப் பாத்திட்டுத் தானா இருப்பார், திரும்பக் கையை வையுங்கோ. இருந்தபடி உங்கட முகத்தைப் பாத்தார் எண்டால் சரி எண்டு சொல்லி அவிச்ச ஈரல் துண்டு ஒண்டு, நகமளவு காணும். முதல் நாள் கொளுக்கியைத் தாண்டாது. பேந்து ஒரு சாண் திறக்கிறது, அவர் அசைஞ்சால் சாத்திறது (மூக்கு கவனம்). படலை திறக்கிறது தான் பாயிறதால இல்லை, தான் இருக்கிறதால எண்டு அவருக்கு விளங்கும். மற்றது வீட்டில ஒராள் சிற் எண்டும் மற்றாள் இரு எண்டும் மூண்டாமாள் டேய் எண்டும் சொன்னால் ஆறு வருசத்திலயும் சரிவராது.

ஒழுங்கை_வாசி:
நாய் வளக்காதவன்ர பக்கமும் கேளுங்கோ. எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டு நாய் மோட்டசைக்கிளைத் துரத்தும், காலைத் தூக்கி ராங்கியில வைச்சுக்கொண்டுதான் போறனாங்கள். கேட்டால் கடிக்காது பயப்பிடாதேங்கோ எண்டுவினம். கடிச்சால் ஆஸ்பத்திரிக்கு ஊசிக்கு அலையிறது நாங்கள். ரெயினிங்கோ என்னவோ, படலையை முதல்ல சாத்துங்கோ. தடுப்பூசியையும் மறக்காதேங்கோ.

சங்கிலியன்:
அது சரி, அதை ஒத்துக்கொள்ளுறன், ரோட்டில விடுறது பிழைதான். ஆனா இந்த ஈரல் குடுக்கிற கதை எனக்குச் சரிவராது. நாய்க்கு ஆர் தலைவன் எண்டு காட்டோணும், ஓநாய்க் கூட்டத்தில அப்பிடித்தான், ஒருக்கா அமத்தி விட்டால் பேந்து அடங்கும். அதோட ஆர் தீனி குடுத்தாலும் வாங்கப் பழகினால் கள்ளன் இறைச்சியில மருந்து வைச்சு எறிஞ்சிட்டுப் போவான், எத்தினை நாய் அப்பிடிச் செத்தது.

மாட்டு_டொக்டர்_பேராதனை:
ஓநாய்த் தலைவன் கதை கூண்டில அடைச்ச, ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத ஓநாயளைப் பாத்து 1947 இல எழுதினதில இருந்து வந்தது. அதைத் தன்ர புத்தகத்தில போட்டுப் பரப்பின டேவிட் மெக் எண்ட ஓநாய் ஆராய்ச்சியாளரே பிறகு காட்டில போய்ப் பாத்திட்டு 1999 இல எழுதினார், கூட்டம் எண்டுறது பெரும்பாலும் தாய் தேப்பன் பிள்ளையள்தான், சண்டை பிடிச்சுத் தலைவனாகிறது இல்லை எண்டு. அமத்திப் பழக்கிறதையும் போர்த்துக்கலில பாத்தவை, 92 நாய், தண்டிக்கிற பள்ளிக்கூடத்து நாயளுக்குப் பயிற்சியால வரேக்க மன அழுத்த ஹோர்மோன் கூடி இருந்தது. அல்சேஷனைப் பயத்தில வளத்தால் ஒருநாள் திருப்பிக் கடிக்கவும் கூடும்.

மருந்து வைக்கிற விசயத்தில நீங்கள் சொல்லுறது முழுக்க நியாயம். ஆனா சும்மா கட்டி வளத்த நாய் எறிஞ்சதைத் தின்னாதோ? முதல்ல தின்னும். நிலத்தில கிடக்கிறதை விடு எண்டால் விடப் பழக்கலாம், அதுக்குத்தான் இன்னும் கூடக் காலம் வேணும், ஆள் இல்லாத நேரத்தில அதையும் முழுசா நம்ப ஏலாது. இரவில மதிலுக்குக் கிட்டப் போகாமல் விறாந்தைப் பக்கம் படுக்க வையுங்கோ.

கொண்டாவில்_பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ரெண்டு ரெயினருக்கும் எடுத்துக் கேட்டன், அம்மாட கையில சங்கிலியைக் குடுத்துப் பழக்குவியளோ எண்டு. ஒரு மாசக்காரர் வீட்டுக்காரர் வந்தால் நாய் குழம்பும், வர வேண்டாம் எண்டிட்டார், அதோட அவரை விட்டிட்டன். வாரத்தில வாறவர் முதல் நாளே அம்மாதான் பிடிக்கோணும் எண்டார். முதல் ரெண்டு மாசத்துக்குக் காசு அனுப்பிறன், பிறகு பாத்துச் செய்யலாம். அப்பா இன்னும் முகம் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார், ஆனா லூசி அம்மாட படலை வித்தையை வாசிச்சுக் காட்டினன், பின்னேரம் கோழி ஈரல் வாங்கப் போயிருக்கிறாராம்.

சங்கிலியன்:
ஈரலை அப்பா பொரிச்சுத் தின்னாட்டில் சரி. வீடியோ எடுத்துப் போடச் சொல்லும் தம்பி, எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை.