இடது கன்னத்து எலும்பு

எனக்குப் பதினொரு வயதானபோது மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. கடைக்காரர் இருமுறை காதுப்பிடியை வளைத்துக் கொடுத்தும் அது நேராக நிற்கவில்லை. இடது கன்னத்தெலும்பு மெல்ல மேடாகிக் கொண்டிருந்தது. வலி இல்லாததால், பல் வீக்கம் என்ற நினைப்பிலேயே ஓராண்டு கழிந்தது.

சி.டி. ஸ்கேனில் அந்த எலும்பு தேய்த்த கண்ணாடியைப் போல மங்கலாகத் தெரிந்தது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்றார்கள். கருவுற்ற பிறகு ஏதோ ஒரு செல்லில் ஜி.என்.ஏ.எஸ். மரபணு தானாகவே மாறிவிடுவதால், நல்ல எலும்பு உருவாக வேண்டிய இடத்தில் நார்த்திசுவும் முதிராத எலும்பும் கலந்து வளர்கின்றன என்றும், இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். கர்ப்ப காலத்தில் தாம் எதைத் தவறாகச் சாப்பிட்டோம் என்று மாதக்கணக்கில் எண்ணி மருகிய என் அம்மா, அந்த அறையிலேயே அழுதுவிட்டார்.

பதினான்கு வயதில், வாய்க்குள் வழியாகச் சென்று எலும்பைச் செதுக்கிக் குறைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பாதிக்கு மேல் மீண்டும் வளர்ந்துவிட்டது. வளரும் பருவம் முடிந்தபின் இந்நோய் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால், பொறுத்திருந்திருக்கலாம் என்றே இன்று கருதுகிறேன். பார்வை நரம்பு செல்லும் குழாயையும் நோய் சூழ்ந்திருக்கிறது. ஆயினும் பார்வை நன்றாக இருக்கும்போது அந்த நரம்பை விடுவிக்க முற்பட்டால், அறுவையே பார்வையைப் பறித்துவிடக்கூடும் என்று சொல்லி, பின்னர் பார்த்த மருத்துவர் அறுவை செய்ய உறுதியாக மறுத்தார். ஆண்டுதோறும் பார்வைப் புலத்தையும் நிறம் பிரித்தறிதலையும் செவித்திறனையும் சோதித்துக்கொள்கிறேன். எனக்கு இப்போது 31 வயது; இரு கண்களும் நலமாக உள்ளன.

*

மேலே தம் அனுபவத்தை எழுதிய சகோதரியின் பகிர்வோடு என் மகளின் அனுபவத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன். அவளுக்கும் இதே நோய்தான், நாங்களும் அறுவை செய்யாமல் காத்திருந்தோம். ஒன்பது வயதில், இரண்டே வாரங்களில் புருவத்துக்கு மேல் வீக்கம் திடீரெனப் பெருத்தது. சிவப்புப் பென்சிலைக் காட்டினால் ஒரு கண்ணுக்கு அது பழுப்பாகத் தெரிகிறது என்றாள். நோயுற்ற எலும்புக்குள் இரத்தம் நிறைந்த கட்டி உருவாகிப் பார்வை நரம்பை அழுத்திக் கொண்டிருந்தது. உடனடியாக அறுவை செய்ததால் பார்வை மீண்டது. அன்றுமுதல் ஞாயிறுதோறும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதே பென்சிலின் நிறத்தை எனக்குச் சொல்கிறாள்.