1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் அளிக்கும் புகார் வங்கிகளுக்கிடையே எப்படி நகர்கிறது?

திருப்பூர் கணக்கர்:
எங்களுக்கு நூல் அனுப்பும் மில்லின் பெயரில், வங்கிக் கணக்கு மாறிவிட்டதாகவும் இனிப் புதிய கணக்கில் பணம் செலுத்துமாறும் ஒரு மின்னஞ்சல் வந்தது. மில்லுக்குத் தொலைபேசியில் கேட்டதால் தப்பித்தோம். பணம் போயிருந்தால், இங்கு அளிக்கும் புகாரைக் கொண்டு வேறு மாநிலத்திலுள்ள கணக்கை உடனே நிறுத்த முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வங்கி ஊழியர்:
முடியும். உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், காவல் துறையையும் வங்கிகளையும் ஒரே தளத்தில் இணைக்கும் ஏற்பாட்டை 2021 முதல் நடத்திவருகிறது. 1930-இல் பரிமாற்ற எண், தொகை, நேரம் ஆகியவற்றைச் சொன்னதும், பணம் சென்று சேர்ந்த வங்கியின் திரையில் அந்தப் புகார் தோன்றும். பணம் அங்கேயே இருந்தால் அந்த வங்கி நிறுத்திவைக்கும். அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தால் அந்த விவரத்தைப் பதிந்தவுடன் புகாரும் அடுத்த வங்கிக்குப் போய்விடும். பணம் ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டால் நிறுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்பதால், மேலாளரின் அனுமதிக்காகக் காத்திராமல் முதலில் அழைத்துவிடுங்கள்.

கணினிப் பாதுகாப்பு ஆலோசகர்:
நிறுவனங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய போலி மின்னஞ்சல் தாக்குதல் உள்ளிட்ட சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்கவும் வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். அதே முகவரியிலிருந்து அடுத்த நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் போவதற்கு அந்த மௌனமே வழிவிடுகிறது என்பது என் கருத்து. அந்த மின்னஞ்சலை அழிக்காமல், அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்பதைக் காட்டும் முழுத் தலைப்பு விவரங்களுடன் (ஹெடர்) சேமித்து வையுங்கள்.

ஈரோட்டு வணிகர்:
இந்த ஏற்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. சரக்கு வாங்கியவர் கொடுத்த பணம் எங்கோ நடந்த மோசடியில் வந்ததாம். சிறு தொகைக்காக என் நடப்புக் கணக்கு முழுவதையும் வங்கி முடக்கிவிட்டது. சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியதை எடுத்துக்காட்டியும் பயனில்லை.

வங்கி ஊழியர்:
உங்கள் குறை நியாயமானதே. ஆனால் காவல் துறையின் அறிவுறுத்தலின்பேரில் முடக்கியதை வங்கிக் கிளை தானாக நீக்க இயலாது. புகாரின் ஒப்புகை எண்ணையும் அதை விசாரிக்கும் காவல் நிலையத்தின் பெயரையும் கிளையில் எழுத்து மூலம் கேட்டுப் பெற்று, விற்பனை ரசீது, ஜி.எஸ்.டி. பில், சரக்கு அனுப்பிய சான்று ஆகியவற்றுடன் அந்த விசாரணை அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.